புளியந்தீவை ஓடிப் பார்த்தல்: இரண்டு காலைகளின் நிகழ்வு ஆய்வு

கடந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் 11 பேரை மட்டக்களப்பு நகருக்குள், அதன் பழைய மையமான புளியந்தீவைச் சுற்றி, ஓட்டிக்கொண்டு போனேன். ‘ஓட்டிக்கொண்டு’ என்ற சொல் என்னுடையதல்ல. எல்லாம் முடிந்து, வேர்வை வழிய வாவிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, கூட வந்த வங்கி உத்தியோகத்தர் ஒருவர், “மாட்டை ஓட்டுவதுபோல ஓட்டிவிட்டீர்களே, அண்ணை” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் 2 மணி 17 நிமிடம் எடுத்த அந்தச் சுற்றை அதைவிடச் சரியாக வேறு யாரும் விவரிக்கவில்லை. ஏழு வாரம் கழித்து அதே ஊரில், வேறொரு விதமாக, இன்னொரு முறை ஓடினோம். முதற்காலை எங்கே கெட்டது, இரண்டாம் காலை எதனால் ஓரளவு தேறியது என்பதை மறக்குமுன் எழுதிவைக்கிறேன்.

ஊரின் பழைய இடங்களை ஒரு வழிகாட்டியோடு ஓடிப் பார்க்கும் ஏற்பாடு நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. நியூயோர்க், ரோம், பேர்லின் போன்ற நகரங்களில் 2000களின் நடுப்பகுதியிலிருந்து இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. வெளியூர் போனாலும் காலையில் ஓடாமல் இருக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். தெரியாத ஊரில் எந்த வீதியால் போவது, எங்கே நாய் துரத்தும், எங்கே நடைபாதை முடியும் என்று அவர்களுக்குத் தெரியாது. உள்ளூர் ஓட்டக்காரர் ஒருவர் கூட ஓடுகிறார். ஓடுகிற வழியில் ஊரைக் காட்டுகிறார். வேகம் போட்டி வேகம் அல்ல. பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் பேச முடிகிற அளவே வேகம். வசனம் நடுவில் முறிந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

நான் ஓடத் தெரிந்தவன். பாடசாலைக் காலத்தில் 5000 மீற்றர் ஓடினேன். இப்போது காப்புறுதி அலுவலகம் ஒன்றில் நாற்காலியில் இருக்கிறேன். வரலாறு எனக்கு அரைகுறை. வரலாறு முழுதாகத் தெரிந்தவர் எங்கள் பழைய ஆசிரியர். ஓய்வுபெற்று நெடுநாளாகிறது, முழங்கால் நோவு. அவரால் ஓட முடியாது. ஆகவே அவரிடம் இரண்டு மாலை உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அந்தக் குறிப்புக் கொப்பிதான் முதற்காலையின் முதல் எதிரி என்று இப்போது தெரிகிறது. எழுதியது எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

அகலக்கால் வைத்தேன். அதைத் தவிர வேறு சொல் இல்லை. காந்திப் பூங்காவில் தொடங்கி, கோட்டை, புனித மிக்கேல் கல்லூரி, மரியாள் பேராலயம், மெதடிஸ்த மத்திய கல்லூரி, ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில், பெரிய பாலம், அங்கிருந்து கல்லடிப் பாலம், விபுலாநந்த அடிகளின் சமாதி, கல்லடிக் கடற்கரை, திருச்செந்தூர் முருகன் கோயில் என்று போய்த் திரும்புவது திட்டம். இடையில் சின்னச் சின்ன இடங்களையும் சேர்த்து 14 தரிப்புகள். தூரம் 10.6 கிலோமீற்றர். கடதாசியில் அது மாலை கட்டியதுபோல் அழகாக இருந்தது.

முதற்காலை

5.45க்குத் தொடங்குவதாகச் சொன்னோம். ஒருவர் சப்பாத்தை மறந்து வீட்டுக்குத் திரும்பினார், இன்னொருவருக்கு எங்கள் ஊர் மணிக்கூடு. 6.20க்குத்தான் கால் எடுத்தோம். எங்கள் பக்கத்தில் மே மாதத்து 35 நிமிடம் சாதாரண 35 நிமிடம் அல்ல. ஆறு மணிக்கு வாவியின் மேல் இருக்கும் குளிர்ச்சி ஏழு மணிக்கு இருக்காது. அதோடு இவை கச்சான் காற்று வீசும் மாதங்கள். பிற்பகலில் அது மேற்கிலிருந்து காய்ந்து வரும்போது ஊரே கதவைச் சாத்தும். காலையில் கச்சான் இல்லை, ஆனால் காற்றே இல்லை. வாவியும் கடலும் இரு பக்கமும் இருக்கிற ஊரில் ஈரப்பதன் அதிகம். வேர்வை வழியுமே தவிர உலராது. உலராத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது.

கோட்டையில் 17 நிமிடம் நின்றோம். கொப்பியில் இருந்தது எல்லாம் வந்தது. 1602 இல் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இந்தக் கரையில் வந்திறங்கிக் கண்டி மன்னரைக் காணப் போனது. போர்த்துக்கேயர் 1628 இல் கோட்டை கட்டியது. இரண்டாம் இராசசிங்க மன்னனோடு கூட்டுச் சேர்ந்து 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தது. 1795 இல் ஆங்கிலேயர் வந்தது. பிறகு நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், உள்ளே இயங்கியது. பாதி சொல்லும்போதே பின்வரிசையில் இருவர் கெண்டைக்காலை இழுத்து நீட்டத் தொடங்கினார்கள். ஓடி நின்ற உடம்பு ஓரிரு நிமிடத்துக்கு மேல் நின்றால் இறுகத் தொடங்கும். மறுபடி ஓடும்போது முதல் நூறு மீற்றர் மரக்கால் போல இருக்கும்.

அந்த 17 நிமிடத்தில் ஒரே ஒரு நல்ல கணம் இருந்தது. அதுவும் கொப்பியில் இல்லாதது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பொறியியலாளர், முந்திய இரவு கைபேசியில் கோட்டை வாயிலின் படத்தைப் பார்த்திருக்கிறார். “வாயில் மேலே வ.உ.சி. என்று செதுக்கியிருக்கிறார்களே, அவர் இங்கே வந்தாரா?” என்று உண்மையாகவே கேட்டார். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரில் உள்ள மூன்று முதலெழுத்துகள் வி, ஓ, சி. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் கேள்வி அவ்வளவு அசட்டுக் கேள்வி அல்ல. ஒரு வி.ஓ.சி. கப்பலில் வந்து கிழக்கைப் பிடித்த கம்பனி, மற்ற வ.உ.சி. 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டு, ஆங்கிலக் கம்பனியோடு மோதிச் சிறை போனவர். பதினொரு பேரும் அன்று கோட்டையைப் பற்றி நினைவில் வைத்திருந்தது இந்த ஒன்றைத்தான். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டேன். 1628ஐயோ 1638ஐயோ ஒருவரும் சொல்லவில்லை.

மிக்கேல் கல்லூரி வாசலில் இன்னொரு கூத்து. வாயைத் திறக்கிறேன், பாண் விற்கும் ஆட்டோ அதன் வழக்கமான பேத்தோவன் இசையோடு சந்தியில் திரும்புகிறது. நான் குரலை உயர்த்தினேன், அது நிற்கிறது, ஒரு வீட்டுக்காரர் இரண்டு மாலுபாண் வாங்குகிறார், இசை ஓயவில்லை. அந்தப் பாட்டைத் தோற்கடித்த வரலாற்று ஆசிரியர் இலங்கையில் இன்னும் பிறக்கவில்லை.

நிற்கும் நேரத்தைக் குறைக்க, ஓடிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். முன்னால் ஓடுபவன் பேச்சு மூன்றாம் வரிசைக்குப் போகாது. தலையைத் திருப்பிப் பேசினேன். வீதியோரம் நிறுத்தியிருந்த மீன் பெட்டிச் சைக்கிள் ஒன்றில் இடித்தேன். நல்லவேளை, பெட்டி வெறும் பெட்டி.

கல்லடிப் பாலத்துக்குப் போனபோது மணி 7.40. முதலாமவருக்கும் கடைசியாளுக்கும் இடையில் அரைக் கிலோமீற்றருக்கு மேல். வாகனப் போக்குவரத்து தொடங்கிவிட்டது. கல்லடியில் ஒரு மதில் நிழலில், ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த பெண் உட்கார்ந்துவிட்டார். மரதன் ஓடுபவர், எங்களில் அவர்தான் சிறந்த ஓட்டக்காரர். ஆனால் விமானத்தில் வந்திறங்கி மூன்று நாள். குளிர் நாட்டு உடம்பு இந்த வெக்கைக்குப் பழக ஏறத்தாழ 10 முதல் 14 நாள் வேண்டும். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கவில்லை. தலை சுற்றுவதாகச் சொன்னார். நிழலில் இருத்தி, கழுத்திலும் கைகளிலும் தண்ணீர் ஊற்றி, இளநீர் கொடுத்து, ஆட்டோவில் அனுப்பினோம். அரை மணியில் சரியாகிவிட்டார். எனக்குத்தான் நெடுநேரம் சரியாகவில்லை.

மத்திய வீதி

மேலே சொன்னவை எல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். தூரம், நேரம், தண்ணீர். இனிச் சொல்லப்போவது அப்படியானது அல்ல. இதை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

பேராலயத்தையும் பார்த்துவிட்டு மத்திய வீதியால் வந்தோம். சீயோன் தேவாலயம் அந்த வீதியில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை, அங்கே தற்கொலைக் குண்டு வெடித்தது. பலியானவர்களில் பிள்ளைகள் பலர்; ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்றவர்கள். என் 14 தரிப்புகளில் அது ஏழாவது. கொப்பியில் நான்கு வரி எழுதியிருந்தேன்.

மூச்சு வாங்க நின்றோம். வண்ண வண்ண ஓட்டச் சட்டைகள், காதில் செருகிய கருவிகள், மணிக்கட்டில் விட்டு விட்டு ஒலிக்கும் கடிகாரங்கள். நான் அந்த நான்கு வரியைச் சொன்னேன், மூச்சிரைப்போடு. ஒருவர் கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார். தவறாக நினைத்து எடுத்தவர் அல்ல, 13 இடத்தில் எடுத்ததுபோல இங்கேயும் எடுத்தார். எதிரே ஒரு வீட்டு வாசலில் ஈர்க்குமாறால் கூட்டிக்கொண்டிருந்த வயதான அம்மா எங்களைப் பார்த்தார். கூட்டுவதை நிறுத்தினார். குப்பையை அள்ளாமல், ஈர்க்குமாறை மதிலில் சாத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் யாரென்று தெரியாது. அன்றைய காலையோடு அவருக்கு ஏதும் உறவு இருந்ததா என்றும் தெரியாது. வெறுமனே அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து போயிருக்கலாம். ஆனால் அந்தக் கதவு சாத்திய ஓசைக்குப் பிறகு நான் சொன்ன எதுவும் எனக்கே பொய்க்குரலாகக் கேட்டது.

அன்று மாலை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

“அப்படியானால் அந்த இடத்தை விட்டுவிடுகிறேன், சேர்.”

“விட்டால் மறைத்ததாகும், தம்பி. 1638 இல் செத்தவனைச் சொல்லுவாய், 2019 இல் செத்த பிள்ளையைச் சொல்லமாட்டாயா?”

“சொன்னால் வேடிக்கை காட்டியதுபோல இருக்கிறது.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “ஏன் ஓடிக்கொண்டு சொல்ல வேண்டும்?”

சேரின் சைக்கிள்

இந்தக் கேள்வியிலிருந்துதான் இரண்டாம் திட்டம் முழுவதும் வந்தது. இந்த வகைச் சுற்றை நடத்துபவர்கள் பெரும்பாலும் ஓட்டத்தையும் கதையையும் ஒரே ஆளின் தலையில், ஒரே நேரத்தில் கட்டிவிடுகிறார்கள். நானும் அதையே செய்தேன். அவை இரண்டையும் பிரிக்கலாம் என்று தோன்றவில்லை.

பிரித்தோம். ஓடுவதற்கு முந்திய மாலை, ஆசிரியர் வீட்டு முற்றத்தில் எல்லோரும் 40 நிமிடம் கூடுவது. பிளேன்ரீயும் அவித்த கச்சானும். (எங்களுக்குக் கச்சான் என்றால் காற்றும்தான், நிலக்கடலையும்தான், தமிழ்நாட்டுப் பொறியியலாளருக்கு இதை விளக்கவே ஐந்து நிமிடம் போயிற்று.) சொல்லவேண்டிய கதைகள் அங்கே, உட்கார்ந்து, மூச்சு சீராக இருக்கும்போது. கேள்வி கேட்கலாம், மறுத்துப் பேசலாம், அழவும் செய்யலாம். காலையில் ஓடுவது பார்ப்பதற்கு மட்டும்.

அந்த மாலையில் ஆசிரியர் கோட்டையிலிருந்து தொடங்கவில்லை. 1990 இலிருந்து தொடங்கினார். மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துக்குப் பின்னால் இருந்த அமெரிக்க இயேசுசபைத் துறவிகளைப் பற்றிச் சொன்னார். நியூ ஓர்லியன்ஸிலிருந்து 1947 இல் வந்து, ஊரின் விளையாட்டுக்காகவே உழைத்து, இன்று மைதானத்துக்கே பெயராகிவிட்ட வெபர் அடிகள். கூடைப்பந்துப் பயிற்றுநராக ஒரு தலைமுறையையே வளர்த்த ஹெபர்ட் அடிகள். அவர் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் திரும்பும் வழியில், கூட வந்த பையனோடு காணாமற்போனார். இன்றுவரை திரும்பவில்லை. பிறகு 2005 நத்தார் நள்ளிரவு ஆராதனையின்போது மரியாள் பேராலயத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம். பிறகு 2019. பின்னோக்கி அல்ல, முன்னோக்கியும் அல்ல. ஊரின் வரைபடத்தைத் தரையில் ஒரு தடியால் கீறி, இடம் இடமாகச் சொன்னார். ஒல்லாந்தர் கடைசியாகத்தான் வந்தார்கள்.

“நாளைக் காலை மத்திய வீதிக்கு வரும்போது ஓடாதீர்கள். நடவுங்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. இப்போது சொல்லியாயிற்று” என்று முடித்தார்.

மற்றொரு மாற்றமும் அங்கேதான் பிறந்தது. இடத்தில் வைத்துச் சொல்லவேண்டிய ஓரிரு வரி இருக்குமே, அதை யார் சொல்வது? “நான் வருகிறேன்” என்றார். எப்படி என்று கேட்கவில்லை, மறுநாள் தெரிந்தது. அவருடைய பழைய றலி சைக்கிளில் வந்தார். கால்சட்டைக் கரையை ஒரு ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தார். கரியரில் ஒரு உரப்பையை இரட்டையாக மடித்து வைத்து, அதற்குள் 16 தண்ணீர்ப் போத்தல்கள், ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க இடையிடையே பழைய பத்திரிகைத் தாள். நாங்கள் ஒரு தரிப்பிலிருந்து புறப்பட்டதும் அவர் குறுக்கு வழியால் அடுத்த தரிப்புக்கு முன்னே போய்விடுவார். நாங்கள் வரும்போது ஸ்டாண்ட் போட்டு, போத்தல்களை மதில்மேல் வரிசையாக வைத்துவிட்டு நிற்பார். மூச்சு வாங்காத ஒருவர் மூச்சு வாங்குபவர்களிடம் பேசினால் எல்லோருக்கும் கேட்கிறது. இவ்வளவு எளிய விடயம் எனக்கு ஒரு பெண் மயங்கி விழப்போன பிறகே புரிந்தது.

இரண்டாம் காலை

எட்டுப் பேர். 5.25க்குப் புறப்பட்டோம், பிந்தி வந்தவர் நேரே இரண்டாம் தரிப்புக்கு வரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஒருவரும் பிந்தவில்லை. தூரம் 6.2 கிலோமீற்றர், தரிப்புகள் ஐந்து, கிலோமீற்றருக்கு ஏழரை நிமிடம். ஒரு வழிப் பயணம்: கல்லடியில் முடிந்து, ஆட்டோவில் திரும்புவது. முன்னால் நான், கடைசியில் வங்கி உத்தியோகத்தர். அவரை விட்டு ஒருவரும் பின்தங்கக்கூடாது என்பது அவருடைய வேலை. மாடு ஓட்டுவதைக் குறை சொன்னவரையே மந்தையின் பின்னால் விட்டதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

முதல் தரிப்பு வாவிக்கரை. 1814 இல் மெதடிஸ்தப் போதகர் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். அந்த ஆண்டே பாடசாலை தொடங்கினார். அதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1815 ஏப்ரலில் இறந்துபோனார். ஆசிரியர் சொன்னது இரண்டே வரி: “இந்த ஊரில் அவர் வாழ்ந்தது ஒரு வருடம்கூட இல்லை. பள்ளிக்கூடத்துக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது.” அவ்வளவுதான். ஓடினோம். அடுத்த முந்நூறு மீற்றரும் எனக்குப் பின்னால் இருவர் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். வழிகாட்டி பேசாதபோதுதான் குழு பேசுகிறது.

கோட்டையில் கதை சொல்லவில்லை. பதிலாக ஒரு வேலை கொடுத்தார். “சுற்றி ஓடிவிட்டு வாருங்கள்.” எட்டுப் பேரும் மதிலோரமாகப் புறப்பட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வாவி வழியை மறித்தது, திரும்பி வந்தார்கள். மறுபக்கமாகப் போனார்கள், அங்கும் அப்படியே. “ஏன் முடியவில்லை?” என்றார் வாத்தியார் குரலில். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் தோண்டிய அகழி, நான்கு மூலையிலும் கொத்தளம். நாலா பக்கமும் நீர். சுற்றி வளைக்க ஒரு படைக்கு எவ்வளவு கடினம் என்பதைக் கால் அறிந்துவிட்டது. மூன்று நிமிடம். 17 நிமிடத்தில் நான் புரியவைக்காதது.

கால் அறிவதற்கு இந்த ஊரில் இன்னும் நிறைய இருக்கிறது. புளியந்தீவு தீவு என்பது பெயரில் மட்டுமே இருப்பதாக உள்ளூர்க்காரர்களே நினைக்கிறோம். பஸ்ஸில் பெரிய பாலத்தைக் கடக்க அரை நிமிடம் ஆகாது, நீரைக் கண்ணெடுத்துப் பார்ப்பதும் இல்லை. ஓடும்போது எந்தத் தெருவில் திரும்பினாலும் முடிவில் நீர் பளபளக்கிறது. பள்ளி, பேராலயம், கோயில், கோட்டை எல்லாம் ஏன் இவ்வளவு நெருக்கமாக ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தபடி நிற்கின்றன என்பதற்கு அதுவே விடை. இடம் அவ்வளவுதான். ஒரு தாதி உத்தியோகத்தர், இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், அன்றுதான் முதன்முறையாக நகர வீதியில் ஓடினாராம். பெண் தனியே ஓடினால் நூறு கண் என்பதால் வீட்டு மாடியில் ஓடுபவர். “என் ஊர் இவ்வளவு சின்னதா!” என்று வியந்தார். அவர் சொன்ன தொனியில் குறை இல்லை.

மிக்கேல் கல்லூரியடியில் அன்று பாண் ஆட்டோ வரவில்லை. ஆசிரியர் வாயே திறக்கவில்லை. முந்திய மாலை சொன்னது எல்லோர் மனதிலும் இருந்தது. எங்கிருந்தோ பந்து தரையில் தட்டுப்படும் ஓசை, ஒரே தாளத்தில், கேட்டது. நின்று கேட்டுவிட்டு நகர்ந்தோம். பேராலயத்தின் முன்னும் அப்படியே.

மத்திய வீதியில் நடந்தோம். கடிகாரங்களை நிறுத்தச் சொல்லவில்லை. எல்லோரும் தாமாகவே நிறுத்தியிருந்தார்கள் என்பது பிறகு தரவைப் பார்த்தபோது தெரிந்தது. எட்டுப் பேரின் பாதையிலும் அந்த வீதி ஒரு வெற்றிடமாக இருந்தது. எதிர்வீட்டு அம்மா அன்று வாசலில் இல்லை. கூட்டிய வாசல் மட்டும் இருந்தது, ஈர்க்குமாறு கீறிய கோடுகளோடு.

நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் வேறு யாரும் எழுதமாட்டார்கள். விடியலில் எங்கள் தெருக்கள் நாய்களுக்குச் சொந்தம். ஓடுகிறவனைத் துரத்துவது அவற்றின் இயல்பு; எட்டுப் பேர் சேர்ந்து ஓடினால் அது அவற்றுக்குத் திருவிழா. நடந்தால் விட்டுவிடும். இரண்டு சந்திகளில் அப்படி நடந்தோம். சேரின் சைக்கிள் மணி மற்றதைப் பார்த்துக்கொண்டது. கோயில்களுக்குள் போகவில்லை. வேர்வைச் சட்டையோடும் சப்பாத்தோடும் போகக்கூடாத இடத்துக்கு வெளியே நின்று கும்பிட்டால் போதும். ஒழுங்காகக் கட்டணம் வாங்கி நடத்துவதென்றால் சுற்றுலா வழிகாட்டி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அதற்கான வேலையைத் தொடங்கியிருக்கிறேன். இம்முறை ஆட்டோக் காசையும் தண்ணீர்க் காசையும் மட்டும் பங்கிட்டோம். சேருக்குக் கொடுத்த உறையை அவர் திறக்காமலே திருப்பித் தந்தார்.

பழைய கல்லடிப் பாலத்துக்கு வந்தபோது கிழக்கில் சூரியன் தென்னைகளுக்கு மேலே ஏறியிருந்தது. 1918 முதல் 1925 வரை ஆளுநராக இருந்த வில்லியம் மானிங்கின் மனைவியின் பெயரால் லேடி மானிங் பாலம். ஒற்றை வழி, ஒரு பக்கத்து வாகனங்கள் கடக்கும்வரை மறுபக்கம் காத்திருந்த காலம் எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2013 இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபின் பழைய இரும்பு ஓய்வெடுக்கிறது. இங்கேதான் ஐந்தாவது, கடைசித் தரிப்பு. இதற்கு மட்டும் ஆசிரியர் நேரம் எடுத்துக்கொண்டார்: பாடும் மீன். நிலவு நாட்களில், நீர் அசையாத இரவில், தோணியில் இந்தப் பாலத்தடிக்கு வந்து, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறு முனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். மீனா, சிப்பியா, நீரடிப் பாறையிடுக்கா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. பகலில், 6.30க்கு, பக்கத்துப் பாலத்தில் பஸ் உறுமும்போது கேட்காது. காட்ட முடியாத ஒன்றைக் காட்டும் தரிப்பு இது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைத் திரும்பிப் பாராமலே, “சத்தம் போடாதீர்கள், மீன் ஓடிவிடும்” என்றார்.

கடிகாரம் 1 மணி 7 நிமிடம் காட்டியது.

கல்லடியின் மற்ற இடங்களுக்கு ஓடவில்லை. விபுலாநந்த அடிகளின் சமாதியும், 2004 டிசம்பர் 26 இல் கடல் எழுந்து வந்தபோது சாய்ந்த கோபுரத்தோடு நிற்கும் திருச்செந்தூர் முருகன் கோயிலும் விரும்பியவர்கள் நடந்து போய்ப் பார்த்தார்கள், சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு. இப்போது என் கொப்பியில் இடங்களை மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறேன்: ஓடியபடியே கடப்பவை, நின்று பார்ப்பவை, ஓடிப் போகக்கூடாதவை. மூன்றாவது பக்கம் நீண்டுகொண்டே போகிறது. மட்டக்களப்பில் அது அப்படித்தான் இருக்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ரொறன்ரோப் பெண் இரண்டாம் முறை சிரமமே இல்லாமல் ஓடினார். அதை என் திட்டத்தின் வெற்றியாக எழுத ஆசைதான். ஆனால் அவர் இரண்டு மாத விடுப்பில் வந்தவர். ஏழு வாரம் எங்கள் வெயிலில் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்திருக்கிறார். உடம்பு பழகிவிட்டது. வந்து மூன்றே நாளில் ஓட நிற்கும் அடுத்த ஆளுக்கு இந்த 6.2 கூட அதிகமாகலாம். புளியந்தீவுக்குள் மட்டும் ஒரு 3 கிலோமீற்றர் வழியை அதற்காகத் தனியே போட்டுவைத்திருக்கிறேன்.

ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது அவர் ஆசிரியரிடம் போனார். அடுத்த வாரம் அவருடைய தாயார் வருகிறாராம். வின்சன்ட் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஊரை விட்டுப் போய் முப்பது வருடத்துக்கு மேல்.

“அம்மா ஓடமாட்டா. ஆனால் இதே வழியால் வர வேண்டும் என்கிறா. என்ன செய்யலாம், சேர்?”

ஆசிரியர் சைக்கிளின் கரியரை இரண்டு முறை தட்டி, அழுத்திப் பார்த்தார்.

“தாங்கும், பிள்ளை. தண்ணீர்ப் போத்தல்களைத் தம்பி சுமக்கட்டும்.”